விஎம் (மெய்நிகர் கணினி) தூங்கினால் திரும்ப எழுமா என்று முன்கூட்டியே அறிவது எப்படி?

வணக்கம் நண்பர்களே. வீட்டு லினக்ஸ் கணினியில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம், அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் வைத்து ஆறு விஎம் ஓட்டுகிறேன். இரவில் சும்மா இருப்பவற்றைத் தூங்க வைத்து, காலையில் எழுப்பும் ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி வருகிறேன்.

விஎம்முக்கு வன்பொருள் போல நடிக்கும் கியூஎம்யூ மென்பொருளில் 4.0 பதிப்பு முதல் 'குவெரி-கரண்ட்-மெஷின்' என்ற கட்டளை இருக்கிறது. அதன் பதிலில் 'வேக்கப்-சஸ்பெண்ட்-சப்போர்ட்' உண்மை என்று வந்தால், அந்த மெஷின் வகையை (விஎம் பின்பற்றும் கணினி மாதிரியை) தூக்கத்திலிருந்து எழுப்ப முடியும். பவர் செயலி கொண்ட கணினிகளுக்கான பிசீரீஸ் வகைக்குப் பொய் என்று வரும். சரி, இதையே நம்பலாம் என்று நினைத்தேன்.

சிக்கல் கியூ35 என்ற பிசி மெஷின் வகை விஎம் ஒன்றில் வந்தது. பதில் உண்மை என்று வந்தது, கெஸ்ட் ஏஜென்ட் (விஎம்முக்குள் ஓடி, வெளியிலிருந்து வரும் கட்டளைகளைச் செய்யும் சிறு நிரல்) வழியாகத் தூங்கவும் போனது. ஆனால் விர்ஷ் (லிப்விர்டின் கட்டளைக் கருவி) அதை இன்னும் 'ரன்னிங்' என்றே காட்டியது, எழுப்பும் கட்டளையையும் ஏற்கவில்லை. கடைசியில் வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். சேமிக்காத வேலை போய்விட்டது, மனசே ஆறவில்லை. அப்புறம் விஎம்மின் அமைப்புக் கோப்பான எக்ஸ்எம்எல்லைத் திறந்தால், பிஎம் (மின் மேலாண்மை) பகுதியில் 'சஸ்பெண்ட்-டு-மெம்' 'நோ' என்று இருந்தது. எஸ்3 (நினைவகத்தை மட்டும் உயிரோடு வைக்கும் ஆழ்ந்த தூக்கம்) இல்லாததால் உள்ளே இருந்த லினக்ஸ் வெறும் எஸ்2ஐடிலுக்கு (லினக்ஸ் தானே சும்மா இருக்கும் லேசான தூக்கத்துக்கு) போயிருக்கிறது. அது கியூஎம்யூவுக்குத் தெரியவே தெரியாது.

இப்போது எக்ஸ்எம்எல், கியூஎம்யூ பதில், விஎம்முக்குள் 'மெம்_ஸ்லீப்' கோப்பில் எஸ்3-ஐக் குறிக்கும் 'டீப்' உண்டா என்பது, மூன்றையும் பார்க்கிறேன். விண்டோஸ் விஎம்முக்கு இந்த மூன்றாவது சோதனையை எப்படிச் செய்வது? ஏஜென்ட் வழியாகவே செய்ய முடியுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.