மாரி நித்திரையால எழும்புற பியர்டட் ட்ராகனுக்கு முதல்ல என்ன குடுக்கிறது?

கொக்குவில்_நிலா:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வீட்டில ஒரு பியர்டட் ட்ராகன், ஓணான் மாதிரித் தாடி உள்ள வளர்ப்புப் பிராணி, இருக்கு, பெயர் சிங்கன், ஆம்பிளை, ரெண்டரை வயசு. கொழும்பில படிச்ச அண்ணா கொண்டுவந்தவர், இப்ப அவர் வெளிநாடு போட்டார், பார்க்கிறது முழுக்க நான்தான். கார்த்திகை விளக்கீடு முடிஞ்சு மழை விடாமல் பெய்யத் தொடங்கின நேரம் சாப்பாட்டைக் குறைச்சான், பேந்து மரக்கட்டைக்குக் கீழ போய்ப் படுத்தவன்தான், எழும்பவே இல்லை. அது புருமேஷன், இவை மாரியில படுக்கிற நீண்ட நித்திரை, பயப்பிடாத எண்டு அண்ணா போனில சொன்னார், அம்மம்மா எண்டால் செத்துப்போச்சுது எண்டே முடிவெடுத்திட்டா, நான் ஒவ்வொரு நாளும் விலாப்பக்கம் அசையுதோ எண்டு பார்த்துக்கொண்டே இருந்தனான்.

பொங்கல் முடிஞ்சு ரெண்டு கிழமையால, நேற்றைக்குக் காலமை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். எனக்கு வந்த சந்தோசத்தில வளவுக்குள்ள ஓடி அஞ்சு வெட்டுக்கிளி பிடிச்சு வந்து முன்னால விட்டன், அவன் திரும்பியும் பார்க்கேல்ல. இண்டைக்குத் தலையை வெளியில நீட்டிக்கொண்டு கிடக்கிறான், தாடி கறுத்திருக்கு. படுக்க முதல் 412 கிராம், இண்டைக்குக் குசினித் தராசில 389. லைற் எல்லாம் இவ்வளவு நாளும் நிப்பாட்டித்தான் கிடக்கு. வாயைத் திறந்து தீத்தட்டோ? சுடுதண்ணியில குளிக்க வாக்கலாமோ? முத்தத்து வெயிலில விடட்டோ? தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

சுண்டிக்குளி_அண்ணை:
தங்கச்சி, தீத்தாதைங்கோ, அதுதான் முதல் விசயம். வெட்டுக்கிளியையும் வெளியில எடுத்து விடுங்கோ, நித்திரைத் தூக்கத்தில கிடக்கிறவனை அது கடிக்கும். என்னட்ட ஒண்டு ஆறு வருசமா இருக்கு, நாலு மாரி படுத்து எழும்பினது, முதல் வருசம் நானும் உங்களைப் போலத்தான் சாப்பாட்டோட ஓடினனான்.

இவைக்கு எங்களைப் போல உடம்புக்குள்ள சூடு இல்லை, வெளியில இருந்து வாங்கிற சூட்டிலதான் வயிறு வேலை செய்யும். லைற் நிப்பாட்டிக் கிடக்கிற நேரம் சாப்பாடு உள்ள போனால் செமிக்காது, அப்பிடியே கிடந்து அழுகும். அதால முதல் சூடு, பிறகு தண்ணி, சாப்பாடு கடைசி. இண்டைக்குச் சூடு தாற பல்ப்பையும், வெயிலில இருக்கிற யூவீபீ எண்ட புற ஊதாக் கதிரைத் தாற ரியூப்பையும் பத்து மணித்தியாலம் போடுங்கோ, ரெண்டு மூண்டு நாளைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமாக் கூட்டிக்கொண்டு போய் 12, 13இல நிப்பாட்டுங்கோ. குளிர் காயிற இடத்தில 38 தொடக்கம் 42 பாகை செல்சியஸ் வேணும், மற்றத் தொங்கலில 25, 28 காணும், சூடு கூடினால் அவன் ஒதுங்கிப்போக இடம் இருக்கோணும். கண்ணாடியில ஒட்டுற ரெம்பரேச்சர் மீற்றரை நம்பாதைங்கோ, அது கண்ணாடியின்ர சூட்டைத்தான் காட்டும், வயர் உள்ள டிஜிற்றல் ஒண்டு வாங்கி வயரின்ர முனையை அவன் படுக்கிற கல்லில வையுங்கோ.

தண்ணிக்கு, விரலால தொட்டு மூக்கு நுனியில ஒரு சொட்டு விடுங்கோ, நாக்கை நீட்டி நக்குவான், நக்கினால் இன்னொரு சொட்டு. நக்காட்டி விட்டிட்டுப் பேந்து பாருங்கோ, வாய்க்குள்ள பீச்ச வேண்டாம். அவன் கால் ஊண்டி நடக்கத் தொடங்கினாப் பிறகு வெதுவெதுப்பான தண்ணியில, முன்னங்கால் முழங்கை அளவுக்கு மட்டும், பத்துப் பதினைஞ்சு நிமிசம் வையுங்கோ, பக்கத்திலயே நில்லுங்கோ. சுடுதண்ணி வேண்டாம், உங்கட மணிக்கட்டில ஊத்திப் பார்த்தால் சூடு தெரியக்கூடாது.

412இல இருந்து 389 எண்டால் நூற்றுக்கு ஆறும் இல்லை. பத்துக்கு மேல போனால்தான் டொக்டரிட்ட ஓடோணும். தாடி கறுக்கிறது குழம்பின நித்திரைக் கோவம், ஒண்டு ரெண்டு நாளில மாறும்.

தீவான்_77:
நான் எங்கடையைக் கண்ணாடிப் பெட்டியோட தூக்கிப் பத்து மணி வெயிலில வச்சிட்டு வேலைக்குப் போறனான், ஒண்டும் நடக்கேல்ல, வெயில் எண்டால் இயற்கைதானே. எழும்பாட்டி வெயிலில வையுங்கோ, எழும்பும்.

பேராதனை_மாணவி:
அண்ணை, தயவுசெய்து அப்பிடி வைக்காதைங்கோ. கண்ணாடிப் பெட்டியை வெயிலில வச்சால் கொஞ்ச நேரத்தில உள்ள 50 பாகையையும் தாண்டும், ஒதுங்க நிழலும் இல்லை, இதுவரைக்கும் தப்பினது உங்கட அதிர்ஷ்டம். அதோட யூவீபீ கண்ணாடிக்குள்ளால போகாது, நீங்கள் குடுக்க நினைச்ச பலனும் கிடைக்கிறதில்லை. நிலா, முத்தத்தில விடுறதெண்டால் கம்பிவலைக் கூட்டுக்குள்ள, பாதி நிழலோட, காலமை எட்டு மணி வெயிலில இருவது நிமிசம். அதுவும் சிங்கன் வடிவா முழிச்சாப் பிறகு. எங்கட பக்கத்து வளவுகளில காகம், பூனை, கீரி எல்லாம் இருக்கு, செண்பகம் ஓணான் பிடிக்கிறதை நீங்களே பார்த்திருப்பியள், ஆள் இல்லாமல் ஒரு நிமிசமும் விடாதைங்கோ.

நான் பேராதனையில மிருக வைத்தியம் படிக்கிறன், வீடு உரும்பிராய். என்னட்டக் கன பேர் கேக்கிறவை, யாழ்ப்பாணத்தில எங்க குளிர், இது ஏன் படுக்குது எண்டு. இதின்ர ஊர் ஆஸ்திரேலியாவின்ர நடுப்பக்கத்து வறண்ட நிலம், அங்க மாரி ஆனி தொடக்கம் ஆவணி வரைக்கும், ராவில நல்லாக் குளிரும். இங்க மார்கழியில பகல் பதினொண்டரை மணித்தியாலத்துக்குக் குறையிறதில்லை, ராவிலயும் 22, 23 பாகை இருக்கும். ஆனால் அந்தப் பழக்கம் உடம்போட வந்தது, முகில் மூடி வெயில் இல்லாமல் ஒரு மாசம் போனாலே காணும், சிலது லைற் ஒழுங்கா எரிஞ்சாலும் படுக்கும். இங்க இருக்கிற பிரச்சினை குளிரை விட ஈரம். மழைக்காலம் முழுக்க ஈரக்காத்தில கிடந்ததால சுவாசத்தைக் கவனியுங்கோ. சூட்டுக்குக் கீழ வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது இயல்பு, சூடில்லாத பக்கத்திலயும் திறந்து வச்சிருந்தால், மூச்சில சத்தம் கேட்டால், வாயில நுரை கண்டால் பொறுக்கக்கூடாது.

எனக்கு சுண்டிக்குளி அண்ணையோட ஒரு இடத்தில உடன்பாடு இல்லை. நிறையை மட்டும் பார்த்துப் பயப்பிட வேண்டாம் எண்டு விடாதைங்கோ. கண் குழி விழுந்திருக்கோ, தலைக்கு மேல இருக்கிற கொழுப்பு மேடு வத்தியிருக்கோ, வாலடி எலும்பு தெரியுதோ எண்டும் பாருங்கோ. முதல் மலம் வந்தால் காய விடாமல் சின்னப் போத்தலில எடுத்து அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் குடுங்கோ. மாடு, நாய் மட்டும் பார்க்கிற இடமெண்டாலும் மைக்ரோஸ்கோப் இருந்தால் புழு முட்டையும் கொக்சிடியா எண்ட குடல் கிருமியும் பார்க்கலாம். வயித்தில இருக்கிற கிருமி மாரி நித்திரையில பெருகி, எழும்பின கையோட ஆளை விழுத்தும். வருசா வருசம் படுக்க முதல் ஒருக்கா இதைச் செய்திட்டால் மூண்டு மாசம் நிம்மதி.

இன்னொண்டு, வளவு வெட்டுக்கிளி வேண்டாம். கொக்குவில், கோண்டாவில் பக்கம் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்தடிக்கிற தோட்டங்கள், அந்தப் பூச்சி வயித்துக்குள்ள என்னத்தைக் கொண்டுபோகும் எண்டு ஆருக்கும் தெரியாது. வளர்த்த சில்வண்டோ கரப்பானோ பாருங்கோ, ரெண்டு கண்ணுக்கும் இடையில உள்ள அகலத்தை விடப் பெரிசா இருக்கக்கூடாது. மின்மினிப் பூச்சி குடுக்கவே கூடாது, ஒண்டு திண்டாலே சிங்கன் செத்துப்போவான். இலையில முருங்கை, செவ்வரத்தம் பூ, துருவின பூசணி நல்லது, பசளி வேண்டாம், கல்சியத்தைப் பிடிச்சு வச்சிடும்.

கொக்குவில்_நிலா:
அக்கா, அண்ணை, பத்து நாளால வந்து எழுதுறன். லைற் போட்ட ரெண்டாம் நாள் தண்ணி நக்கினான், கையெல்லாம் நடுங்கிச்சுது எனக்கு. நாலாம் நாள் தானா ஏறிக் கல்லில படுத்தான். தாடியும் வெளுத்திட்டுது. ஆறாம் நாள் செவ்வரத்தம் பூ ஒண்டு, முழுசா. எட்டாம் நாள் வெதுவெதுப்புத் தண்ணிக்குள்ளயே மலம் போனான், ஓடிப்போய்ப் போத்தலில குடுத்தன், புழு முட்டை இருக்கெண்டு டொக்டர் நிறையைப் பார்த்து மருந்து தந்தவர், ரெண்டு கிழமையால இன்னொரு தரம் குடுக்கச் சொன்னவர். இண்டைக்கு நிறை 394. ரியூப்பின்ர திகதியைப் பார்த்தன், வாங்கி ஒண்டரை வருசம், புதுசு ஒண்டுக்குச் சொல்லியிருக்கிறன்.

அம்மம்மா காலமை பூப் பிடுங்கேக்க சாமிக்கு வச்சது போக ஒண்டை அவனுக்கெண்டு தனியா எடுத்து வைக்கிறா.

தீவான்_77:
நானும் பெட்டியை உள்ள எடுத்திட்டன் தங்கச்சி. கம்பிவலைக் கூடு எவ்வளவு பெரிசா அடிக்கோணும்?

சுண்டிக்குளி_அண்ணை:
மூண்டடி நீளம், ஒண்டரை அடி அகலம், மேலயும் வலை போடோணும். வலை கண் சின்னனா எடுங்கோ, பெரிசெண்டால் நகம் மாட்டும்.