பாவித்த அலோய் சில்லு வாங்குகிறேன்: ஒஃப்செட் 45 பொருந்துமா, 35 பொருந்துமா?

வெள்ளவத்தைவாசி:
வணக்கம். காலி வீதிக் குழியொன்றில் விழுந்து என்னுடைய டொயோட்டா அக்குவாவின் இரண்டு சில்லுகள் நெளிந்துவிட்டதால், நான்கையும் மாற்றத் தீர்மானித்திருக்கிறேன். கழற்றிய சில்லின் உட்புறத்தில் 15 × 5 ஜே, 39 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த சில்லுகள் இரண்டு தொகுதி பார்த்தேன். ஒன்று 6.5 ஜே, ஒஃப்செட் 45. மற்றது 6 ஜே, ஒஃப்செட் 35. “நாலு ஓட்டை, பிசிடி நூறு, பூட்டினால் சரி” என்கிறார் கடைக்காரர் (பிசிடி என்பது நட்டு ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்). ஒஃப்செட் கூடினால் சில்லு உள்ளே போகுமா, வெளியே வருமா? பேக்ஸ்பேசிங் என்று சிலர் சொல்வதும் இதுதானா?

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:
தம்பி, ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தில் சில்லைப் பூட்டும் ஹப்பில் அமரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் விலகியிருக்கிறதோ அதுவே ஒஃப்செட். முகம் வீதிப் பக்கமாக விலகியிருந்தால் அது நேர் ஒஃப்செட். அந்த எண் கூடக் கூடச் சில்லு உள்ளே போகும். பேக்ஸ்பேசிங் என்பது அதே முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையான தூரம். ஒஃப்செட்டை மட்டும் பார்ப்பவர்கள் மறந்துவிடுகிற அகலம் இதில் அடங்கியிருப்பதால், உள்ளே இடிக்குமா என்று அறிய எனக்கு இதுவே கைகொடுக்கும்.

5 ஜே என்பது டயர் அமரும் இடங்களுக்கு இடையிலான அகலம். விளிம்போடு அளந்தால் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடும். ஆகவே உங்கள் பழைய சில்லின் முழு அகலம் 152 மில்லிமீற்றர். அதன் பாதி 76, அதனுடன் ஒஃப்செட் 39 சேர்த்தால் பேக்ஸ்பேசிங் 115. இதேபோல் 6.5 ஜே சில்லுக்கு 140, 6 ஜே சில்லுக்கு 124 வரும். முதல் தொகுதியின் உள்விளிம்பு 25 மில்லிமீற்றர் உள்ளே போகிறது; ஷொக் அப்சோபர் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

தெஹிவளை டயர்க்காரன்:
அண்ணா சொன்ன கணக்கு ரிம்முக்குச் சரி. ஆனால் முதலில் உரசுவது பெரும்பாலும் ரிம் அல்ல, டயரின் பக்கவாட்டுப் புடைப்பு. ரிம் அரை அங்குலம் அகன்றால் டயர் சுமார் 5 மில்லிமீற்றர் அகலும். உங்கள் 175/65 டயரை 6 ஜே, 35 சில்லில் போட்டால் பக்கத்துக்கு 5 கூடும். ஒஃப்செட் குறைந்ததால் முழுச் சில்லும் 4 வெளியே வரும். எனவே உட்புறம் 1 மில்லிமீற்றர்தான் மாற்றம், மட்காட் பக்கம் 9. அந்த டயருக்கு ஏற்ற ரிம் அகலம் 5 முதல் 6 வரை என்பதால் 6.5 ஜேக்கு அதைப் போட வேண்டாம். அதற்கு 195/55 போட்டால் டயரின் உட்பக்கம் ஏறத்தாழ 20 உள்ளே போகும்.

வாங்கும் முன், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி முன்சில்லின் டயருக்கும் ஷொக் அப்சோபருக்கும் நடுவே அழுத்தி, நசுங்கிய தடிப்பை அளந்து பாருங்கள். உங்கள் வாகனத்தின் முன்பக்கத்தில் இரண்டும் சேர்ந்தே திரும்புவதால் அந்த இடைவெளி பெரிதாக மாறாது. மட்காட் பக்கம் அப்படியல்ல; அதை நால்வரை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். ஸ்பேசர் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாரும் சொன்னால், நட்டுப் பிடிக்கும் மரை அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் கேளுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
இருவருக்கும் நன்றி. களிமண் 16 மில்லிமீற்றர் காட்டியதால் 6.5 ஜேயை விட்டுவிட்டேன். இன்று மீண்டும் கடைக்குப் போய், டயர் இல்லாத 6 ஜே சில்லைக் குப்புற வைத்து, உள்விளிம்பின் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து ஹப் முகம் வரை அளந்தேன். 124 வந்தது. ஆனால் நடுத்துளை 67 மில்லிமீற்றர். என் ஹப் 54.1. இது பரவாயில்லையா?

தெஹிவளை டயர்க்காரன்:
67க்கு 54.1 ஹப் வளையம் நான்கு வாங்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் சில்லு நடுவில் நிற்பது நட்டின் கூம்பு ஒன்றையே நம்பித்தான். வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.