புதுப்பிப்பு: 40 லிட்டர் தொட்டியில் கலங்கிய தண்ணீர் தெளிந்துவிட்டது

போன மாதம் தண்ணீர் பால்போல் கலங்கி, கப்பி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இங்கே சுங்கை சிப்புட்டில் தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்து தேடிக் கிடைக்காமல் ஈப்போ போய் வாங்கினேன். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு), 0 இருக்கவேண்டியது! காரணத்தைப் பிடித்தது, "ஃபில்டர் ஸ்பஞ்சை எதில் கழுவுறே தம்பி?" என்று கேட்ட அண்ணன்தான். வாராவாரம் குழாயடியில் பளிச்சென்று கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்த் தண்ணீரின் குளோரின், ஸ்பஞ்சில் வாழ்ந்து அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றிருக்கிறது. இப்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு பிழி பிழிவதோடு சரி. தீனி ஒரு வேளை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆன்டி குளோரின் (குளோரினை நீக்கும் மருந்து) கலந்த தண்ணீரால் கால்வாசி மாற்றம். 12 நாளில் அம்மோனியா 0.

எதிர்பாராதது: அம்மோனியா இறங்கியதும், பாக்டீரியா அதை மாற்றி உண்டாக்கும் நைட்ரைட் ஏறியது; இதுவும் மீனுக்கு விஷம். பயந்து தொட்டியையே கழுவப் போனேன், நல்லவேளை விட்டேன். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா பிந்தித்தான் வளரும். தண்ணீர் மாற்றுவதை விடவில்லை. இன்னும் 10 நாளில் அதுவும் 0.

கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை போட்டதில் தண்ணீர் தேத்தண்ணி நிறமானதுதான் மிச்சம், அம்மோனியா அசையவில்லை. 2 கப்பி செத்துப்போயின. மீதி 6, அப்புறம் நேற்று ஒன்று குட்டி போட்டிருக்கிறது.