சாத்தூர் வீட்டார் குழு

செல்வி: ஞாயிறு காலை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கதிர், பந்தியில் ‘இன்னும் வேண்டுமா’ என்று ஸ்பானிஷில் எப்படிக் கேட்பது?

கதிர்: கியெரென் மாஸ்?

செல்வி: செயலியில் ‘கெரேர்’ என்றுதானே படித்தேன்? ‘கியெ’ எங்கிருந்து முளைத்தது?

முரளி: அக்கா, பெரியண்ணன் பார்க்கிறார். ஓடிவிடு.

சுந்தரம்: செல்வி, பொறுமையாகப் படி. கெரேர் என்பது வினைப்பெயர், ‘விரும்புதல்’. நான் என்றால் கியெரோ, நீ என்றால் கியெரேஸ், அவர் கியெரே, அவர்கள் கியெரென். மரியாதையான ‘நீங்கள்’ என்றாலும் கியெரென்தான். ‘நாங்கள்’ என்றால் கெரேமோஸ், ஸ்பெயினில் பழகியவர்களிடம் சொல்லும் ‘நீங்கள்’ கெரேய்ஸ், இந்த இரண்டிலும் வேர் மாறாது. பிற்கால லத்தீனில் வாயை அகலத் திறந்து சொன்ன எ, ஒ இரண்டும், அழுத்தம் விழுந்த இடத்தில் ‘இயெ’, ‘உவெ’ ஆகிவிட்டன. கெரேமோஸில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுகிறது, வேர் தப்பித்தது. பொதேர், அதாவது ‘முடிதல்’, அதுவும் அப்படியே: புவேதோ, ஆனால் பொதேமோஸ்.

முரளி: காபி குடித்தீர்களா அண்ணா?

நித்யா: சமையல் யார் அத்தை?

செல்வி: ராஜபாளையத்துக்காரர்தான்.

முரளி: நித்யா கல்யாணத்தில் உப்பில்லாமல் ரசம் வைத்தவரா?

சுந்தரம்: அவரைப் பிடித்து வந்தது நான் என்பதற்காக ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்ல வேண்டுமா?

முரளி: நான் ரசத்தைத்தான் சொன்னேன்.

கதிர்: அம்மா, அவர்களோடு பழகிவிட்டோம். ‘கெரேய்ஸ் மாஸ்?’ என்றே கேட்கலாம். ஸ்பெயினில் வீட்டுப் பேச்சு அதுதான். கியெரென் கொஞ்சம் விறைப்பு.

சுந்தரம்: சம்பந்தியிடம் விறைப்பாக இருந்தால் என்ன? மெக்சிகோவில் சொந்தப் பிள்ளைகளிடமே கியெரென்தான்.

கதிர்: அவர்கள் ஸ்பெயினில் வலென்சியா, மாமா.

சுந்தரம்: மரியாதைக்கு ஊர் ஏது? நிச்சயத்தன்று என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தவர்களுக்கு இது புரியாது.

செல்வி: அண்ணா, நாற்காலி போட்டது மண்டபத்து ஆட்கள்.

நித்யா: விமான நிலையத்துக்கு யார் போவது?

சுந்தரம்: தெனேர், ‘வைத்திருத்தல்’, இன்னும் முரடு. தியெனேஸ், தியெனே என்று போகும், ‘நான்’ வந்தால் தெங்கோ. பசிக்கிறது என்பதற்கும் அதுதான்: தெங்கோ ஆம்ப்ரே. ‘வருகிறேன்’ பெங்கோ, ‘கிளம்புகிறேன்’ சால்கோ, ‘வைக்கிறேன்’ போங்கோ. நானுக்கு மட்டும் நடுவில் ஒரு ‘க’ நுழையும்.

முரளி: அக்கா, இலையில் வடையை வைத்துக்கொண்டே ‘போங்கோ’ என்று சொல்லிவிடாதே. கூடத்தில் நம் ஆட்கள் எல்லாரும் எழுந்துவிடுவார்கள்.

நித்யா: 😂😂

கதிர்: மாமா 🙏

செல்வி: இப்போது கியெரெனா, கெரேய்ஸா?

சுந்தரம்: கியெரென்.

கதிர்: கெரேய்ஸ்.

செல்வி: கேட்காமலே பரிமாறிவிடுகிறேன்.

நித்யா: வேனுக்கு யாராவது சொன்னீர்களா?

முரளி: பெரியண்ணன் சொல்லியிருப்பார்.

சுந்தரம்: என்னிடம் யார் கேட்டார்கள்?