ஸ்டான்ஃபோர்டு ஏன் 30 சதவீதப் பங்குக்கு ஒத்துக்கொண்டது? நம்ம மூணு மாவட்ட காலேஜ் லீகுக்கு ஒப்பந்தம் எழுதப் போகிறோம், யோசனை வேண்டும்

வாலிபால்_வேலூர் கேட்டது:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கல்லூரிகள் எட்டு சேர்ந்து ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் வாலிபால் லீக் நடத்தலாம் என்று பேச்சு. ஹோம், அவே முறை. லோக்கல் கேபிள் சேனல் ஒன்று ஐந்து வருட உரிமைக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்கிறது. நேரத்தையும் அவங்களே முடிவு பண்ணுவாங்களாம். யூட்யூபில் நாமே போடலாம் என்கிறார்கள் சில பி.டி. சார்கள்.

அமெரிக்காவில் இதே மாதிரி காலேஜ் சங்கங்கள் டிவி பணத்தால் உடைந்த கதையைப் படித்தேன், பாதிதான் புரிந்தது. கலிஃபோர்னியாவில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு எப்படி "அட்லாண்டிக் கோஸ்ட்" கான்ஃபரன்ஸில் (ஏ.சி.சி., கிழக்குக் கரைச் சங்கம்)? அதுவும் டிவி பணத்தில் 30 சதவீதப் பங்குக்கு? மீதி 70 எங்கே போகிறது? ஸ்டான்ஃபோர்டு முன்பு இருந்த மேற்குக் கரைச் சங்கம், 1915-ல் தொடங்கிய பேக்-12, எப்படி ஒரே வாரத்தில் காலியானது? இதிலிருந்து நம்ம ஒப்பந்தத்தில் எதை எழுதணும், எதை எழுதக் கூடாது?

கோட்டை_அகழி பதில்:

தம்பி, அங்கே கான்ஃபரன்ஸ் என்றால் நம்ம ஏ.ஐ.யு. (இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம்) தெற்கு மண்டலம் மாதிரி மேலே இருந்து யாரோ கோடு போட்டுப் பிரித்தது இல்லை. கல்லூரிகள் தாங்களே கூடி வைத்துக்கொண்ட சங்கம். பிடிக்கலைன்னா வேறு சங்கத்துக்குப் போகலாம். பெயரை நம்பாதே. பிக் டென் என்ற சங்கத்தில் இப்போ பதினெட்டு கல்லூரி, பிக் 12 என்ற சங்கத்தில் பதினாறு.

1984 வரை ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால்) டிவி உரிமை, காலேஜ் விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. எந்த டீம் எத்தனை தடவை டிவியில் வரலாம் என்று அதுதான் சொல்லும். ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் கோர்ட்டுக்குப் போனார்கள். போட்டியை நசுக்கும் ஏற்பாடு, சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது. அன்றைக்கு உரிமை கல்லூரிகள் கைக்கு வந்தது, அங்கிருந்து கான்ஃபரன்ஸ் கைக்குப் போனது. என்.சி.ஏ.ஏ.வுக்கு இன்றைக்கும் சோறு போடுவது மார்ச் மாத பாஸ்கெட்பால் போட்டிதான். ஃபுட்பால் பணம் திரும்பி வரவே இல்லை.

இப்போ 30 சதவீதத்துக்கு வருகிறேன். ஏ.சி.சி.க்கும் ஈ.எஸ்.பி.என். விளையாட்டு சேனலுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. புது உறுப்பினர் சேர்ந்தால், பழைய உறுப்பினருக்கு என்ன பங்கோ அதே அளவு பணத்தை சேனல் கூடுதலாகத் தரணும். 2023 செப்டம்பரில் சேர்த்துக்கொண்டபோது அந்தப் பங்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 கோடி டாலர் என்று பேசப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா, டல்லாஸின் எஸ்.எம்.யு. என மூன்று பேருக்கு 7.2 கோடி. முதல் இரண்டு பேரும் ஏழு வருடம் 30 சதவீதம் போதும் என்றார்கள். தலா 72 லட்சம், இருவருக்கும் சேர்த்து 1.44 கோடி. எஸ்.எம்.யு. ஒன்பது வருடத்துக்கு டிவி பணமே வேண்டாம் என்று விட்டது. மிச்சம் ஏறக்குறைய 5.8 கோடி பழைய உறுப்பினர்களின் பானைக்குப் போகிறது. பயணச் செலவு, ஜெயித்தவர்களுக்கு ஊக்கத்தொகை எல்லாம் அதிலிருந்துதான்.

அதாவது சேர்த்துக்கொண்டதற்குக் கூலியாகத் தன் பங்கையே கொடுத்துச் சேர்ந்தார்கள். ஒத்துக்கொள்ளாமல் இருந்தால்? பேக்-12-ல் கடைசியாக மிஞ்சிய ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் நின்ற இடத்தில் நின்றிருப்பார்கள். கடைசி பஸ்ஸில் ஏறுகிறவன் ஜன்னல் சீட் கேட்க முடியாது. இத்தனை தள்ளுபடி கொடுத்தும் ஓட்டு நூலிழையில்தான் பாஸ் ஆனது. பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் வேண்டும், சரியாகப் பன்னிரண்டு கிடைத்தது. கிளெம்சன், ஃப்ளோரிடா ஸ்டேட், நார்த் கரோலினா மூன்றும் எதிர்த்தன.

காட்பாடி_ஜங்ஷன் பதில்:

அகழி அண்ணே சொன்ன கணக்கு சரி. ஆனால் பேக்-12 விழுந்ததைப் பேராசை என்று மட்டும் நிறைய பேர் எழுதுகிறார்கள், அது பாதிதான். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2022 ஜூன் 30: லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பேக்-12-ஐ விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவிப்பு. லாஸ் ஏஞ்சலஸ் சந்தையே கை நழுவியது. ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்று சேனல்களோடும் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் கையெழுத்து. அக்டோபரில் பிக் 12 தன் பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே ஈ.எஸ்.பி.என்., ஃபாக்ஸோடு ஆறு வருடத்துக்கு 228 கோடி என்று முடித்துவிட்டது. தலைக்கு ஆண்டுக்கு சுமார் 3.17 கோடி. இங்கேதான் ஆட்டம் முடிந்தது. சந்தைக்கு முதலில் போனவனுக்கு விலை கிடைத்தது. பேக்-12 கூடையை இறக்கும்போது வியாபாரிகள் பணத்தைச் செலவழித்துவிட்டிருந்தார்கள். கடைசியில் கையில் மிஞ்சியது ஆப்பிளின் ஸ்ட்ரீமிங் ஆஃபர். சந்தாதாரர் கூடினால் பணம் கூடும், உறுதியான தொகை பிக் 12 தொகையைவிடக் குறைவு. 2023 ஜூலை 27-ல் கொலராடோ போனது. ஆகஸ்ட் 4 ஒரே நாளில் ஐந்து பேர்: ஒரிகன், வாஷிங்டன் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்கு.

அப்படி ஒரே நாளில் போக முடிந்ததற்குக் காரணம் உரிமைப் பத்திரம். கான்ஃபரன்ஸில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஹோம் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை இத்தனை வருடம் என்று எழுதிக் கொடுக்கும். நடுவில் விலகினாலும் அந்த வருடம் வரை ஹோம் ஆட்டப் பணம் பழைய சங்கத்துக்கே. பேக்-12-ல் அந்தப் பத்திரம் 2024 கோடையோடு எல்லோருக்கும் ஒரே நாளில் முடிந்தது. புது டிவி ஒப்பந்தம் இல்லை, அதனால் புதுப் பத்திரமும் இல்லை. மாடு கட்டின கயிறு எல்லாம் ஒரே ராத்திரியில் அவிழ்ந்தால் தொழுவத்தில் எது நிற்கும்? ஏ.சி.சி.யில் பத்திரம் 2036 வரை. அதனால்தான் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் கிளம்ப முடியாமல் கோர்ட்டுக்குப் போனார்கள்.

இன்னொன்று, சொந்த சேனல். பிக் டென் 2007-ல் சேனல் தொடங்கும்போது ஃபாக்ஸைக் கூட்டாளி ஆக்கியது. தென்கிழக்கு மாநிலங்களின் சங்கமான எஸ்.இ.சி.யின் சேனல் 2014-ல் ஈ.எஸ்.பி.என். கையில் வந்தது. பேக்-12 மட்டும் 2012-ல் நூறு சதவீதம் நம்மளோடது என்று தனியாகத் தொடங்கியது. டைரக்ட் டிவி என்ற பெரிய டி.டி.எச். நிறுவனம் அதைக் கடைசிவரை எடுத்துக்கொள்ளவே இல்லை. நம்ம பக்கத்துக் கேபிள்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார், தனி சேனல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் பேரம் நடக்காது. "இதை எடுத்தால்தான் அதைத் தருவேன்" என்று சொல்லப் பெரிய சேனல் ஒன்று பின்னால் வேண்டும். ரட்கர்ஸையும் மேரிலாண்டையும் 2014-ல் பிக் டென் சேர்த்தது எதற்கு என்கிறீர்கள்? நியூயார்க், தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்து கேபிள் வீடுகளுக்கு. உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் சேனலுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு விலை, வெளியே அதைவிட ரொம்பக் குறைவு. பார்க்காத வீடும் பேக்கேஜில் பணம் கட்டும், 2019-ல் ட்ராய் விதி மாறும் முன் இங்கே இருந்த மாதிரி. கேபிளை அறுத்துவிட்டு ஜனங்கள் ஸ்ட்ரீமிங்குக்குப் போனதும் அந்தக் கணக்கு செத்தது. இப்போ எத்தனை பேர் உண்மையில் பார்க்கிறார்கள் என்பதுதான் விலை.

நேரமும் ஒரு காரணம். கிழக்குக் கரையில் பகல் பன்னிரண்டு மணி ஆட்டம் செப்டம்பரில் நமக்குச் சனி இரவு 9:30. அங்கே பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு நள்ளிரவு ஒரு மணி. இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் ஞாயிறு விடியற்காலை ஐந்து. மேற்குக் கரை டீமின் ராத்திரி ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கும். நமக்கு வசதி, டிபன் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். ஆனால் ஜனத்தொகை அதிகமுள்ள கிழக்கில் அப்போ மணி பத்தரை, பாதி வீடு தூங்கிவிடும்.

வாலிபால்_வேலூர்:

ரொம்ப நன்றி. அப்போ கேபிள் சேனல் சொல்கிற ஐந்து வருடம், மொத்தத் தொகை, இது நமக்குப் பாதகமா?

நெட்_அடியில் பதில்:

மொத்தத் தொகை என்ற வார்த்தையை முதலில் அடிங்க. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எழுதுங்க. எட்டு டீம் ஹோம், அவே ஆடினால் 56 ஆட்டம். ஆண்கள், பெண்கள் சேர்த்து 112. அடுத்த வருடம் ஆரணி, செய்யாறு பக்கமிருந்து இரண்டு கல்லூரி வந்தால் பத்து டீம், 90 ஆட்டம், இரண்டு பிரிவுக்கு 180. மொத்தத் தொகை என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதே பணத்துக்கு 68 ஆட்டம் கூடுதலாக ஆடிக் கொடுக்கணும், ஒவ்வொரு டீமுக்கும் அவே பயணம் ஏழிலிருந்து ஒன்பது ஆகும். ஏ.சி.சி. ஒப்பந்தத்தில் இருந்த அந்த ஒரு வரியின் அருமை இதுதான்.

பயணச் செலவைப் பங்கு பிரிக்கும் முன்னாடியே எடுத்து வைங்க. ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டனுக்கு சுமார் 4,300 கி.மீ. இந்தியாவின் வடகோடி தென்கோடியே 3,214 தான். ஃபுட்பாலுக்கு வாரம் ஒரு ஆட்டம், அதனால் தாங்கும். வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் பெண்கள்தான் நடு வாரத்தில் விமானம் ஏறிப் பரீட்சையை விடுகிறார்கள், ஃபுட்பாலுக்காகப் போட்ட ஒப்பந்தத்துக்கு. நம்ம லீகில் வேலூர்-திருப்பத்தூர் ஏறக்குறைய 90 கி.மீ., ராணிப்பேட்டையிலிருந்து என்றால் இன்னும் கூடுதல். ஜோடி போட்டு அட்டவணை போடுங்க: சனிக்கிழமை திருப்பத்தூர், ஞாயிறு வாணியம்பாடி, ஒரே வேன் வாடகை.

நேரத்தை சேனல் கையில் முழுசாக விடாதீங்க. அங்கே ஆட்ட நேரத்தை 12 நாள் முன்னாடி, சில வாரம் 6 நாள் முன்னாடிதான் டிவி சொல்கிறது. நீங்க இரண்டு நேரம் எழுதிக் கொடுங்க, அதில் ஒன்றை அவங்க பத்து நாளுக்கு முன் தேர்ந்தெடுக்கட்டும். வேலை நாளில் பெண்கள் ஆட்டம் மாலை நாலரைக்குப் பிறகு தொடங்கக் கூடாது என்று தனி வரி. ஐந்து செட் போனால் இரண்டு மணி நேரம் தாண்டும், அதுக்கப்புறம் திரும்பிப் போகணும்.

காலம்: ஐந்து வேண்டாம், இரண்டு சீசன். உரிமைப் பத்திரமும் அதே இரண்டு சீசன், ஆனால் புதுப்பிக்கும் பேச்சு முடிவுக்கு ஒரு சீசன் முன்னாடியே தொடங்கணும் என்று எழுதுங்க, பேக்-12 மாதிரி கடைசி மாதத்தில் கூடையை இறக்காதீங்க. விலகுவதற்கு ஒரு சீசன் நோட்டீஸ், கட்டணம் வருடா வருடம் குறையணும். ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் வழக்கில் ஏ.சி.சி. 2025 மார்ச்சில் சமரசம் ஆனபோது அப்படித்தான் செய்தது: 2026-ல் 16.5 கோடி டாலர், ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 7.5 கோடியில் நிற்கும். டெக்சஸும் ஓக்லஹோமாவும் பிக் 12-ஐ விட்டு ஒரு வருடம் முன்னதாக எஸ்.இ.சி.க்குப் போக, இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது 10 கோடி.

அதே சமரசத்தில் டிவி பணத்தில் 60 சதவீதத்தைப் பார்வையாளர் எண்ணிக்கைப்படி, 40-ஐச் சமமாக என்று பிரித்தார்கள். இதை மட்டும் காப்பியடிக்காதீங்க. அங்கே ரேட்டிங் எடுக்கத் தனி நிறுவனம் இருக்கு. இங்கே யூட்யூப் எண்ணிக்கை என்றால், ஒரு காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் அறுபது மிஷினில் ஓட விட்டுவிடுவார்கள். தவிர, நல்ல நேரம் யாருக்குக் கிடைத்ததோ அவங்களுக்குத்தான் பார்வையும் கூடும். முதல் இரண்டு சீசன் சமப் பங்கு.

பாலாறு_மணல் பதில்:

இன்னாதான் பங்கு பிரித்தாலும் ஆடுகிற பசங்களுக்கு ஒரு வரி இருக்கணும்பா. அங்கே பல வருடம் கல்லூரிகள் கோடியில் வாங்கின, ஆடினவனுக்கு ஸ்காலர்ஷிப்போடு சரி. வீரர்கள் போட்ட வழக்கில் 2025 ஜூனில் கோர்ட் ஒத்துக்கொண்ட சமரசத்துக்குப் பிறகுதான் ஒரு கல்லூரி தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றானது. 2025-26-க்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். பழைய பாக்கிக்கு மட்டும் சுமார் 280 கோடி. நம்ம அளவுக்கு, அவே ஆட்டத்துக்கு ஆளுக்கு இவ்வளவு பேட்டா என்று தொகையைப் போட்டு எழுதிடுங்க. "ஆவன செய்யப்படும்" என்று எழுதினால் ஒண்ணும் கைக்கு வராது.

கோட்டை_அகழி:

யூட்யூப் பக்கம் போனால் இரண்டு விஷயம். சேனல் லீக் பெயரில் இருக்கட்டும், ஒரு காலேஜ் பி.டி. சாரின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். அவர் மாறுதலாகிப் போனால் பாஸ்வேர்டும் போகும். விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். அதனால் முதல் சீசனில் யூட்யூப் காசை நம்பாமல் நெட்டுக்குப் பின்னால் கட்டும் பேனருக்கு ஆம்பூர் பிரியாணிக் கடை, ஜவுளிக்கடையைப் பிடிங்க. அந்தப் பேனர் பணம் ஹோம் கல்லூரிக்கா, லீகுக்கா என்பதையும் இப்பவே எழுதணும்.

காட்பாடி_ஜங்ஷன்:

மூணாவது ஒண்ணு அண்ணே. டைம்-அவுட்டுக்கு டைம்-அவுட் மைக் செட்காரர் சினிமாப் பாட்டு போடுவார். லைவில் அந்தப் பாட்டு விழுந்தால் யூட்யூப் காப்பிரைட் பிடித்து ஒளிபரப்பையே நிறுத்தலாம். இல்லைன்னா அந்த வீடியோ விளம்பரப் பணம் பாட்டுக் கம்பெனிக்குப் போகும். ஹோம் கல்லூரி பொறுப்பு என்று ஒரு வரி போட்டு, மைக் செட்காரரிடம் பறை செட் ரெக்கார்டிங் ஒன்றைச் சொந்தமாக எடுத்துக் கொடுத்துடுங்க.