புயலில் அழிந்த தனுஷ்கோடி ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தனுஷ்கோடி போகிறவர்கள் சர்ச் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, நேராக நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்டேஷனை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் போனது தார்ச்சாலை வருவதற்கு முன்னால். மணலிலும் சேற்றுத் தண்ணீரிலுமாக வேன் ஆடிய ஆட்டத்தில் இடுப்பு கழன்றுவிட்டது. டிரைவர் அண்ணன்தான் வண்டியை நிறுத்தி, "இதுதான் சார் ஸ்டேஷன்" என்றார். கூரை கிடையாது, தனித்தனியாக நிற்கும் சில சுவர்கள், அவ்வளவுதான். சற்றுத் தள்ளித் தண்ணீர்த் தொட்டியின் தூண்கள். பக்கத்திலேயே சங்கும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு ராமேஸ்வரம்தான் கடைசி ஸ்டேஷன். அன்று அப்படி இல்லை. பாம்பன்தான் ஜங்ஷன். அங்கிருந்து ஒரு பாதை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று 15 மைல் ஓடி தனுஷ்கோடிக்கு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயில் தனுஷ்கோடி துறை வரைக்கும் போனது. இறங்கிக் கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார், அங்கிருந்து கொழும்புக்கு ரயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்! இது தெரிந்த பிறகு அந்தச் சுவர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

* * *

எங்கள் அப்பத்தா அந்த வழியாகத்தான் கண்டிக்குப் போனார். ஆனால் ஸ்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். பேச்சு முழுக்க மண்டபம் கேம்ப்தான். தோட்ட வேலைக்குப் போகிறவர்களை அங்கே தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்புவார்களாம். கேம்பில் பட்ட பாடு, அப்புறம் கப்பலில் வாந்தி. இவ்வளவுதான் அவருடைய தனுஷ்கோடி.

* * *

புயலைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயிலை, தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அள்ளிக்கொண்டு போனது. வண்டியில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேல். ஒருவரும் தப்பவில்லை. பாம்பன் பாலத்தை ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை விட்டுவிட்டார்கள். அரசாங்கமும் அந்த ஊர் குடியிருக்க லாயக்கில்லை என்று அறிவித்துவிட்டது. கப்பல் மட்டும் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து சில காலம் ஓடியது.

2019-ல் மறுபடியும் ரயில் பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். மாநில அரசு ஒத்துக்கொள்ளவில்லை, வேலை நடக்கவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. சுற்றுலாவுக்காக அங்கே மறுபடி ரயில் விடவேண்டிய அவசியம் என்ன? பஸ்தான் போகிறதே. போகிறவர்கள் சர்ச்சோடு திரும்பிவிடாமல் ஸ்டேஷன் எங்கே என்று கடைக்காரர்களிடம் கேளுங்கள், காட்டுவார்கள். நடு வெயிலில் மட்டும் போகாதீர்கள், ஒதுங்க நிழலே இல்லை.