சட்டத் தத்துவப் பயிலரங்கு: 14,000 சொல் இயலை முன்வாசிப்புக்கு எப்படிச் சுருக்குவது?

கேட்டவர்: ஓரக்குறிப்பு

சட்டம், அறம், அரசியல் ஆகியவற்றின் தத்துவம் பற்றிய இரண்டு நாள் பயிலரங்கில் என் ஆய்வுச்சுருக்கம் தேர்வாகியிருக்கிறது. கட்டுரையை எல்லோரும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள். அமர்வு 60 நிமிடம், தனியாக ஒரு கருத்துரையாளரும் உண்டு. சட்டத்துக்குக் கீழ்ப்படியும் கடப்பாட்டை நியாயப் பங்குக் கொள்கையால் (கூட்டுமுயற்சியால் பயன் பெறுபவர் அதன் சுமையிலும் தன் பங்கை ஏற்க வேண்டும் என்பது) நிறுவலாம் என்பது என் வாதம். கையில் இருப்பது ஆய்வேட்டின் ஓர் இயல், 14,000 சொல். எதை வெட்டுவது? எவ்வளவு நேரம் பேசுவது? வருபவர்களில் பாதிப் பேர் சட்டத்துறை, மீதிப் பேர் தத்துவத்துறை.

பதில் 1: நடுப்பக்கம்

7,000–8,000 சொல்லுக்குள் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போனால் கடைசிப் பகுதியைப் பலர் படிக்காமலே வருவார்கள். சொந்த வாதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முதலில் வெட்ட வேண்டியது யார் யார் என்ன சொன்னார்கள் என்ற தொகுப்பு. அது ஆய்வேட்டைத் திருத்துபவருக்காக எழுதியது. “நான் நிறுவப்போவது இது” என்ற வாக்கியம் இரண்டாம் பக்கம் முடிவதற்குள் வந்துவிட வேண்டும்.

மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். அனுப்பிய பிறகு திருத்திய பிரதி என்று இன்னொன்றை அனுப்பாதீர்கள். கருத்துரையாளர் “பக்கம் 12” என்பார், அவையில் ஆளுக்கொரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். பத்திகளுக்கு எண் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

நேரம்: உங்கள் அறிமுகம் 5 நிமிடம், கருத்துரை 12, உங்கள் மறுமொழி 5, மீதி 38 நிமிடம் கேள்விகளுக்கு. அறிமுகத்தில் கட்டுரையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் உங்களுக்கே உறுதி குறைவு என்று சொல்லுங்கள்.

பல அவைகளில் கை உயர்த்தினால் புதுக் கேள்வி, ஒரு விரல் மட்டும் உயர்த்தினால் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வியின் தொடர்ச்சி. விரலைக் காட்டிவிட்டுப் புதுக் கேள்வி கேட்பது வரிசையில் நடுவே நுழைவதுதான்.

பதில் 2: எதிர்வாதம்

நான் பொருளுக்கு வருகிறேன். சட்டத் தத்துவவாதி ஹார்ட் 1955இல் இந்தக் கொள்கையை முன்வைத்தார், அரசியல் தத்துவவாதி ரால்ஸ் 1964இல் அதைச் சட்டக் கடப்பாட்டுக்குப் பொருத்தினார். இந்த வரலாறு இரண்டு வரி போதும்.

இந்தக் கொள்கைக்கு எதிராகத் தத்துவவாதி நோசிக் (1974) சொன்ன ஒலிபெருக்கி எடுத்துக்காட்டை யாராவது கட்டாயம் எடுப்பார்கள். அக்கம்பக்கத்தில் உங்களைத் தவிர 364 பேர். ஆளுக்கு ஒரு நாள் பாட்டு, செய்தி, கதை என்று நடத்துகிறார்கள். நீங்களும் எப்போதாவது சன்னலைத் திறந்து கேட்டிருக்கிறீர்கள். 138 நாள் கழித்து உங்கள் முறை வருகிறது. அன்றைய பொழுதை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டுமா? பயன் வந்து சேர்வது வேறு, அதைத் தெரிந்தும் விரும்பியும் ஏற்பது வேறு என்று சிம்மன்ஸ் 1979இல் பிரித்துக் காட்டினார். உயிர்வாழ இன்றியமையாத பொதுநலன் என்றால் அந்த ஏற்பு தேவையில்லை என்பது ஜார்ஜ் க்ளோஸ்கோவின் (1992) பதில். நீங்கள் யார் பக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கட்டுரைதான் அதிகம் அடிவாங்கும்.

உண்மையான பொறி வேறு இடத்தில் இருக்கிறது. சட்டத்துறையினர் “எந்த அரசின் சட்டம்?” என்பார்கள். “ஓரளவு நியாயமான அரசு என்று வைத்துக்கொள்கிறேன்” என்பீர்கள். உடனே தத்துவத்துறையிலிருந்து கை உயரும்: அரசு நியாயமானது என்றால், நியாயமான அமைப்புகளை ஆதரிக்கும் இயற்கைக் கடமையே (யாரும் தாமாக ஏற்காமலே எல்லோருக்கும் உள்ள கடமை) போதுமே, நியாயப் பங்கு எதற்கு? ரால்ஸே 1971இல் பொதுக் குடிமக்கள் விஷயத்தில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். வெட்டி மிச்சமாகும் இடத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். இயற்கைக் கடமையை வைத்து மட்டும் பேசினால் ஏன் இந்த அரசுக்கு, ஏன் பக்கத்து நாட்டின் நியாயமான அரசுக்கு அல்ல என்ற கேள்வி வரும். பயன் பெற்ற கூட்டுமுயற்சி எது என்று காட்டும் உங்கள் கொள்கைக்கு அங்கே கொஞ்சம் பலம் உண்டு.

ஆளில்லாத சாலையில் நள்ளிரவில் சிவப்பு விளக்கைத் தாண்டுபவர் யாருடைய பங்கைச் சுரண்டுகிறார் என்பதற்கும் பதில் வைத்திருங்கள். ‘கடப்பாடு’ என்பது இன்னும் வலுவான காரணம் வந்தால் மிஞ்சப்படக்கூடிய அறக் காரணமா, சட்டம் விதிக்கும் கடமையா என்பது முதல் பக்கத்திலேயே தெளிவாகட்டும். இல்லையென்றால் பாதி அவை வேறு கட்டுரையைப் பற்றிப் பேசும்.

ஓரக்குறிப்பு

நன்றி. ஸ்லைடு வேண்டுமா, கைப்பிரதி போதுமா? பதில் இல்லாத கேள்வி வந்தால்?

பதில் 3: கடைசிவரிசை

முன்வாசிப்பு அமர்வில் ஸ்லைடு இடைஞ்சல். ஒரே தாள், எண்ணிட்ட ஆறேழு முன்கூற்றுகள் (உங்கள் முடிவு தாங்கி நிற்கும் கூற்றுகள்), கட்டுரையில் உள்ள அதே சொற்களில். வாசகம் மாறினால் அந்த வித்தியாசத்தையே பிடித்துக்கொள்வார்கள்.

நடுப்பக்கம் சொன்னதில் ஒரு மாற்றுக்கருத்து: உறுதி குறைந்த இடத்தை நீங்களே அறிவித்தால் 38 நிமிடமும் அங்கேயே போய்விடும். கருத்துரையாளர் தன் குறிப்பை முன்கூட்டியே அனுப்புவாரா என்று கேளுங்கள். அனுப்பினால், அவர் தொடாத பகுதிக்கு அவையைத் திருப்ப அந்த 5 நிமிடத்தைப் பயன்படுத்துங்கள்.

பதில் இல்லையென்றால் மல்லுக்கட்ட வேண்டாம். “மூன்றாம் முன்கூற்று விழுந்தாலும் முடிவில் இவ்வளவு மிஞ்சும்” என்று சொல்ல முடிந்தால் போதும். கேள்விகளை எழுதிக்கொள்ள ஒருவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், கேட்டவர் பெயரோடு. பிறகு அவருக்கு மின்னஞ்சலில் பதில் எழுதலாம்.